நாடு கேட்ட நான்சன், நாடற்றோருக்காக நின்ற கதை

நோர்வேத் தலைநகர் ஒஸ்லோவின் மேற்கு விளிம்பை ஒட்டியுள்ள லிசாக்கரில் போல்ஹொக்டா என்ற பழைய வீடொன்று இருக்கிறது. இன்று அது ஓர் ஆய்வு நிறுவனம். அதன் தோட்டத்தில், ஒரு மரத்தடியில், அந்த வீட்டைக் கட்டியவரின் அஸ்தி அடக்கம் செய்யப்பட்டுள்ளது. 1930 மே 13ஆம் தேதி காலமான அவரது இறுதிச் சடங்கு, நோர்வேயின் தேசிய தினமான மே 17ஆம் தேதி அரச மரியாதையுடன் நடைபெற்றது. ஆனால் அவரது பெயரை நன்றியுடன் நினைத்தவர்களில் மிகப் பலர் நோர்வேயைக் கண்ணால் கூடக் காணாதவர்கள்.

1861 அக்டோபர் 10ஆம் தேதி, அப்போது கிறிஸ்தியானியா என அழைக்கப்பட்ட ஒஸ்லோவின் அருகே பிறந்தவர் ஃப்ரிட்யோஃப் நான்சன். விலங்கியலில் முனைவர் பட்டம் பெற்ற 1888ஆம் ஆண்டிலேயே, ஐந்து துணைவர்களுடன் கிரீன்லாந்தின் பனிவெளியைக் குறுக்காகக் கடந்தார். 1893 முதல் 1896 வரை நீடித்த ஃப்ராம் கப்பல் பயணத்தின்போது, அதுவரை எவரும் எட்டாத அளவுக்கு வட துருவத்தை நெருங்கினார். பாடநூல்கள் பெரும்பாலும் இத்துடன் நின்றுவிடுகின்றன. அரசியல் படிப்பவருக்கு அவரது வாழ்வு இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

அக்காலத்தில் நோர்வே தனி அரசாக இருக்கவில்லை. 1814 முதல் அது சுவீடன் மன்னரின் கீழ் ஒன்றியமாக இணைக்கப்பட்டிருந்தது. தனக்கெனத் துணைத் தூதரகங்களை அமைத்துக்கொள்ள நோர்வே நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்துக்கு மன்னர் ஒப்புதல் மறுத்ததை அடுத்து, 1905 ஜூன் 7ஆம் தேதி ஒன்றியம் முடிவுக்கு வந்துவிட்டதாக அந்த நாடாளுமன்றம் அறிவித்தது. துருவப் பயணத்தால் உலகப் புகழ் பெற்றிருந்த நான்சன், வெளிநாட்டுப் பத்திரிகைகளில் தன் நாட்டின் தரப்பை எடுத்துரைத்தார். ஆகஸ்டில் நடந்த மக்கள் வாக்கெடுப்பில் 3,68,208 பேர் பிரிவினையை ஆதரித்தனர். எதிர்த்தவர்கள் 184 பேர் மட்டுமே. வாக்குரிமை இல்லாதிருந்த பெண்கள் தனியாக இரண்டு லட்சத்துக்கும் அதிகமான கையெழுத்துகளைத் திரட்டினர்.

இரு தரப்பும் எல்லையில் படைகளைக் குவித்திருந்தபோதிலும் போர் மூளவில்லை. எல்லைக் கோட்டைகள் சிலவற்றை இடித்துவிட நோர்வே இணங்கியது. அது அவமானம் என்று கொதித்தவர்கள் உண்டு. நான்சன் உடன்பாட்டையே ஆதரித்தார். தேசப்பற்றின் உரத்த குரலாக இருந்த ஒருவர், வெற்றி கைக்கெட்டிய தருணத்தில் விட்டுக்கொடுப்பின் பக்கம் நின்றது அரசியலில் அடிக்கடி காணக்கூடியதன்று. புதிய அரசின் முதல் தூதராக அவர் 1906இல் லண்டன் சென்றார்.

முதலாம் உலகப் போருக்குப் பின், ஐக்கிய நாடுகள் சபைக்கு முன்னோடியான சர்வதேச சங்கம் 1920இல் அவரிடம் ஒரு பணியை ஒப்படைத்தது. ரஷ்யாவிலும் மத்திய ஐரோப்பாவிலும் சிக்கியிருந்த போர்க் கைதிகளை ஊர் திருப்புவதே அது. இரண்டே ஆண்டுகளில் நான்கு லட்சத்துக்கும் அதிகமானோர் வீடு திரும்பினர். 1921இல் அவர் ரஷ்ய அகதிகளுக்கான ஆணையராக நியமிக்கப்பட்டார்.

புரட்சியிலிருந்தும் உள்நாட்டுப் போரிலிருந்தும் தப்பி ரஷ்யாவை விட்டு வெளியேறியவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். 1921 டிசம்பரில் சோவியத் அரசு ஓர் ஆணை மூலம் அவர்களில் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்தது. ஒரே நாளில் அவர்கள் எந்த நாட்டுக்கும் உரியவர் அல்லாதவர் ஆயினர். உலகப் போருக்குப் பின் எல்லைகள் தோறும் கடவுச்சீட்டு கேட்கப்பட்டது. அதை வழங்க ஓர் அரசு வேண்டும். அரசில்லாதவர் வேலை தேடி அடுத்த நாட்டுக்குச் செல்ல முடியவில்லை. இருந்த நாட்டிலும் சட்டப்படி தங்க முடியவில்லை. மனிதனின் உரிமை என்று பேசப்பட்டதெல்லாம் உண்மையில் குடிமகனின் உரிமைதான் என்பது அப்போது அப்பட்டமாயிற்று.

1922 ஜூலையில் ஜெனீவாவில் கூடிய அரசுகள், நான்சன் முன்வைத்த ஓர் அடையாளத் தாளை ஏற்றுக்கொண்டன. நான்சன் கடவுச்சீட்டு என்று பின்னர் பெயர் பெற்றது அதுவே. நாளடைவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட அரசுகள் அதை அங்கீகரித்தன. 1924இல் ஆர்மீனியர்களுக்கும், 1928இல் அசீரியர் உள்ளிட்ட வேறு சிலருக்கும் அது விரிவுபடுத்தப்பட்டது. இசையமைப்பாளர் ஸ்திராவின்ஸ்கியும் எழுத்தாளர் நபோக்கோவும் அதை வைத்திருந்தவர்களே.

அந்தத் தாளைப் பற்றி மிகைப்படுத்துவதும் சரியன்று. அதை வழங்கியது சர்வதேச சங்கமல்ல, அகதி தங்கியிருந்த நாட்டின் அரசு. அது குடியுரிமை தரவில்லை. ஆரம்பத்தில், தாளை வழங்கிய நாட்டுக்கே திரும்பி வரும் உரிமையைக் கூட அது உறுதி செய்யவில்லை. திரும்பி வருவதற்கான ஏற்பாடு 1926இல்தான் பரிந்துரைக்கப்பட்டது. அரசுகளின் அதிகாரத்தில் நான்சன் கைவைக்கவில்லை. அவற்றின் தயவில் ஒரு சிறு கதவைத் திறந்தார், அவ்வளவே. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை வழங்கும் பயண ஆவணம் அந்தக் கதவின் வாரிசு. 1980களுக்குப் பின் ஐரோப்பாவுக்கு வந்த ஈழத் தமிழர்கள் பலரின் சட்டைப்பையில் இருந்தது அந்த ஆவணமே. இந்தியா அவ்வுடன்படிக்கையில் கையெழுத்திடாததால், தமிழக முகாம்களில் வாழும் அவர்களது உறவினருக்கு அது கிடைத்ததில்லை.

எல்லையைக் கடக்காமலேயே நாடற்றோராக்கப்பட்டவர்களும் நம்மிடையே உண்டு. இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், மலையகத் தமிழரில் ஏழு லட்சம் பேர் வரை தாங்கள் வேலை செய்த தேயிலைத் தோட்டங்களிலேயே நாடற்றோராக்கியது. எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. கையில் எந்தத் தாளைக் கொடுத்தாலும் தீராத வகையைச் சேர்ந்தது அது.

ரஷ்யாவில் 1921இல் பெரும் பஞ்சம் பரவியபோது, கடனுதவி தருமாறு நான்சன் ஜெனீவாவில் மன்றாடினார். போல்ஷெவிக்குகளின் கை ஓங்கிவிடும் என அஞ்சிய அரசுகள் மறுத்துவிட்டன. அவர் பொதுமக்களிடம் நிதி திரட்டினார். 1922இல் நோபல் சமாதானப் பரிசு அவரைத் தேடி வந்தது. பரிசுப் பணத்தை நிவாரணப் பணிகளுக்கே செலவிட்டார்.

இனி, அவரைப் புகழ்வோர் விரைந்து கடந்துவிடும் ஓர் அத்தியாயம். கிரேக்க-துருக்கிப் போரின் முடிவில், இரு நாடுகளின் சிறுபான்மையினரையும் பரிமாறிக்கொள்ளும் யோசனையை முன்னெடுத்தவர்களில் நான்சன் முக்கியமானவர். 1923 ஜனவரியில் லொசானில் கையெழுத்தான ஒப்பந்தம் அதைக் கட்டாயமாக்கியது. சுமார் பன்னிரண்டு லட்சம் கிரேக்க மரபுவழிக் கிறிஸ்தவர்களும் நான்கு லட்சம் வரையான முஸ்லிம்களும் பிறந்த மண்ணை இழந்தனர். அவர்களில் பெரும்பாலான கிறிஸ்தவர்கள் ஏற்கனவே ஓடிவந்துவிட்டனர் என்பதும், மாற்று வழி படுகொலையாக இருந்திருக்கலாம் என்பதும் உண்மையே. ஆயினும், ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு நிலம் என்ற கணக்கில் மக்களை நகர்த்தலாம் என்ற எண்ணத்துக்கு அகதிகளின் நண்பரே சர்வதேச மதிப்பைத் தேடித் தந்தார் என்ற குற்றச்சாட்டை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 1905இன் வெற்றி அவரது பார்வையை அந்த அளவில் மட்டுப்படுத்தியிருந்தது என்றே கருத வேண்டியுள்ளது.

நோர்வே அரசியலிலும் அவரது தேசப்பற்று சிக்கலான பாதையில் சென்றது. சோசலிசப் புரட்சிக்கு எதிராகக் கட்சிகளைக் கடந்து தேசத்தை ஒன்றிணைப்பதாகக் கூறி 1925இல் தொடங்கிய தந்தையர் நாட்டுக் கழகத்தின் நிறுவனர்களில் அவரும் ஒருவர். அவரது மறைவுக்குப் பின் அக்கழகம் தீவிர வலதுசாரித் திசையில் சாய்ந்தது.

அவரது மரபுக்கு உரிமை கோரியவர்களில் ஒருவர், 1922இல் உக்ரைனின் கார்கிவ் நகரில் பஞ்ச நிவாரணத்தில் அவரது பிரதிநிதியாகப் பணியாற்றிய இளம் இராணுவ அதிகாரி. திறமையாகச் செயற்பட்டதாக அப்போது பாராட்டப்பட்ட அவரது பெயர் விட்குன் குவிஸ்லிங். 1933இல், தேசிய தினமான மே 17ஆம் தேதியன்றே தன் தேசியவாதக் கட்சியை நிறுவியவர் அவர். நாஜி ஜெர்மனி 1940இல் நோர்வேயை ஆக்கிரமித்தபோது அதன் கைப்பாவையானார். 1942 நவம்பரில் 500க்கும் மேற்பட்ட யூதர்கள் ஒஸ்லோ துறைமுகத்தில் ஒரே கப்பலில் ஏற்றப்பட்டு அவுஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களைக் கைது செய்தது நோர்வேப் பொலிஸார்.

நான்சனின் மகன் ஒட் நான்சன் கட்டடக் கலைஞர். 1930களின் பிற்பகுதியில் தந்தையின் பெயரால் ஓர் உதவி அமைப்பைத் தொடங்கி, நாஜிகளிடமிருந்து தப்பிய, பெரும்பாலும் நாடற்றோராக்கப்பட்ட யூதர்களை நோர்வேக்கு அழைத்துவந்தார். 1942 ஜனவரியில் அவர் கைது செய்யப்பட்டு, ஒஸ்லோ அருகே கிரினி முகாமிலும் பின்னர் ஜெர்மனியின் சாக்சன்ஹவுசன் வதைமுகாமிலும் அடைக்கப்பட்டார். குவிஸ்லிங் 1945 அக்டோபரில் ஒஸ்லோவின் அக்கர்ஷூஸ் கோட்டையில் தேசத்துரோகத்துக்காகச் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒட் நான்சன் உயிருடன் திரும்பினார். முகாமில் ரகசியமாக எழுதி, ரொட்டி வெட்டும் பலகைகளின் உட்குடைவில் ஒளித்துக் கொண்டுவந்த அவரது நாட்குறிப்பு 1947இல் நூலாக வெளிவந்தது.