காமாலை காட்டிய வழி

ஆஸ்துமாவுக்காக எனக்குத் தரப்பட்ட இன்ஹேலரில் இருப்பது ஸ்டீராய்டு என்று அறிந்த நாளிலேயே அதை ஒதுக்கி வைத்துவிட்டேன். முகம் வீங்கும், எலும்பு தேயும் என்று உறவினர்கள் சொன்னதை நம்பினேன். அடுத்த மழைக்காலத்தில் மூச்சுக்குப் போராடி மருத்துவமனையில் நான்கு இரவுகளைக் கழித்த பிறகே, அந்த அச்சம் எங்கே பிறந்தது என்று தேடத் தொடங்கினேன். தேடல் என்னை பிலிப் ஹென்ச் என்ற அமெரிக்க மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

1896-இல் பிட்ஸ்பர்க் நகரில் அண்ணப்பிளவோடு பிறந்தவர் அவர். பேச்சில் அக்குறை தெரிந்தபோதும் அரங்குகளில் உரத்த குரலில் உரையாற்றத் தயங்கியதில்லை. மினசோட்டா மாநிலத்து மேயோ மருத்துவமனையில் முடக்குவாத நோயாளிகளைக் கவனித்து வந்தார். அந்நாளில் அந்நோய் மீள வழியில்லாதது என்றே மருத்துவ உலகம் கருதியது.

1929-இல் 65 வயது நோயாளி ஒருவர், தமக்கு மஞ்சள் காமாலை வந்ததும் மூட்டுவலி குறைந்துவிட்டதாக அவரிடம் கூறினார். அவரும் ஒரு மருத்துவர்தான். வேறொருவராயின் தற்செயல் என்று கடந்து போயிருப்பார். ஹென்ச் அப்படிப்பட்ட நோயாளிகளைத் தேடித் தேடிக் குறித்துவைத்தார். கருவுற்ற பெண்களிடமும் அதே நிவாரணத்தைக் கண்டார். உடலே சுரக்கும் ஏதோ ஒரு பொருள் நோயைத் தணிக்கிறது என்று ஊகித்தார். ஊகம் மெய்ப்பட ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின.

அதே நிறுவனத்தில் எட்வர்ட் கெண்டல் என்ற வேதியியலாளர் அட்ரீனல் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்த 'ஈ' என்னும் சேர்மமே அப்பொருளாக இருக்கலாம் என 1941-இலேயே இருவரும் எண்ணினர். ஆனால் சோதிக்கப் போதிய அளவு கிட்டவில்லை. போர் முடிந்தபின், மாட்டின் பித்தநீரிலிருந்து மெர்க் நிறுவனம் பல படிகளில் அதைத் தயாரித்தது. 1948 செப்டம்பர் 21 அன்று, படுக்கையில் முடங்கிக் கிடந்த 29 வயதுப் பெண்ணுக்கு அது ஊசிவழி செலுத்தப்பட்டது. ஒரு வாரத்துக்குள் அவர் எழுந்து கடைவீதிக்குச் சென்றுவந்தார். கார்ட்டிசோன் என்று பெயர்பெற்ற அம்மருந்துக்காக 1950-இல் ஹென்ச், கெண்டல், சுவிட்சர்லாந்தின் ரெய்க்ஸ்டைன் மூவரும் நோபல் பரிசு பெற்றனர்.

நாள்தோறும் 100 மில்லிகிராம் என்பது பெரிய அளவு. வீங்கிய முகமும், மனக்குழப்பமும், நிறுத்தினால் திரும்பும் வலியும் விரைவில் தெரிந்தன. இது நோயைத் தீர்ப்பதில்லை, அடக்கி வைக்கிறது என்று ஹென்ச் தொடக்கத்திலிருந்தே எச்சரித்தார். பத்திரிகைகளோ அற்புதம் என்று முழங்கின. என் உறவினர்களின் அச்சத்துக்கு வேர் அந்த ஊசியின் அளவில்தான் இருக்கிறது. கையடக்க இன்ஹேலருக்கு அது பொருந்தாது.

ஹென்ச் காலத்தில் விளங்காத செயல்முறை இன்று தெரிகிறது. ஸ்டீராய்டு நுரையீரல் செல்லுக்குள் நுழைந்து, அங்கே காத்திருக்கும் ஏற்பியோடு இணைந்து உட்கருவை அடைகிறது. அழற்சிப் புரதங்களை உருவாக்கும் மரபணுக்களைத் தூண்டும் என்.எஃப்-கப்பா-பி என்ற விசையை அங்கே முடக்குகிறது. மரபணு அளவில் நிகழும் வேலையாதலால் பலன் தெரிய மணிக்கணக்கில், சில வேளை நாட்கணக்கில் ஆகும். மூச்சு சீராகிவிட்டதென்று இடையில் நிறுத்தினால் அழற்சி மீண்டும் தலைதூக்கும். அதற்கு நானே சாட்சி. 2020-இல் பிரிட்டனில் நடந்த ஆய்வில், செயற்கைச் சுவாசத்தில் இருந்த கரோனா நோயாளிகளின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்த டெக்சாமெத்தசோனும் இதே குடும்பம்தான். தரப்பட்ட அளவு நாளொன்றுக்கு 6 மில்லிகிராம்.

1965-இல் ஜமைக்காவில் விடுமுறையைக் கழிக்கச் சென்ற இடத்தில் ஹென்ச் காலமானார். நிமோனியாவில், அதாவது நுரையீரல் அழற்சியில். ஆஸ்துமாவுக்கான ஸ்டீராய்டு இன்ஹேலர் அதற்கு ஏழு ஆண்டுகளுக்குப் பிறகே புழக்கத்துக்கு வந்தது. காலையில் இருமுறை அதை உறிஞ்சி, வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் இப்போது நான் செய்தித்தாளைக் கையில் எடுக்கிறேன்.