மொக்கைன்னு சொன்னவங்களையும் எழுதி வெச்ச ஜேன் ஆஸ்டின்



கையில் வரலாற்று நாவல் இருந்தால் 'ஆஹா, பெரிய படிப்பாளி' என்பார்கள். அதுவே இந்தக் காலத்துக் காதல் நாவலா இருந்தா, 'இதெல்லாம் ஒரு புக்கா?' என்று ஒரு பார்வை வரும். இந்தப் பார்வைக்கு வயசு ரொம்ப அதிகம். 200 வருஷத்துக்கு முன்னாடி இங்கிலாந்தில் இதைச் சந்தித்த ஒருத்தரைப் பற்றித்தான் இந்த மாதம் பார்க்கப் போகிறோம்.

'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படம் பார்த்திருப்பீங்க. 2000-இல் வந்த அந்தப் படத்தின் கதைக்கு மூலம் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' என்ற நாவல். எழுதியவர் ஜேன் ஆஸ்டின். தன் காலத்துக் காதலை, தனக்குத் தெரிந்த ஊர்களில் வைத்து எழுதியவர். அதைப் படிச்சவங்க என்ன சொன்னாங்க என்று தன் கையாலேயே எழுதியும் வைத்தவர்.

பத்து பவுண்டு நாவல்

1775 டிசம்பர் 16 அன்று ஹாம்ப்ஷயரில் உள்ள ஸ்டீவன்டன் கிராமத்தில் ஜேன் பிறந்தார். அப்பா ஜார்ஜ் ஆஸ்டின் அந்த ஊர்ப் பாதிரியார். எட்டுப் பிள்ளைகளில் ஜேன் ஏழாவது. வருமானம் பத்தாமல், வெளியூர்ப் பையன்களை வீட்டிலேயே தங்க வைத்து அப்பா பாடம் சொல்லிக் கொடுத்தார். ஜேனின் பள்ளிப் படிப்பு 11 வயதோடு முடிந்துவிட்டது. மீதிப் படிப்பெல்லாம் அப்பாவின் புத்தக அலமாரியில்தான்.

நாவல் படிப்பதை மட்டமாக நினைத்த காலம் அது. ஆனால் இந்தக் குடும்பத்தில் எல்லோரும் நாவல் பிரியர்கள். ராத்திரியில் ஒருத்தர் சத்தமாகப் படிக்க மற்றவர்கள் கேட்பார்கள். ஜேன் எழுதியதும் முதலில் அங்கேதான் வாசிக்கப்பட்டது.

21 வயதில் ஒரு முழு நாவலை முடித்தார். 1797-இல் லண்டன் பதிப்பாளர் ஒருவருக்கு அப்பாவே கடிதம் எழுதிக் கேட்டார். கையெழுத்துப் பிரதியைக்கூடப் பார்க்காமல் வேண்டாம் என்று பதில் வந்தது. அந்த நாவல்தான் பிறகு திருத்தி எழுதப்பட்டு 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' ஆனது!

1803-இல் இன்னொரு நாவலைப் பத்து பவுண்டுக்கு வேறொரு பதிப்பகம் வாங்கியது. வாங்கியதோடு சரி, அச்சிடவே இல்லை. ஆறு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, 1809-இல் புனைபெயரில் கோபமாக ஒரு கடிதம் போட்டார். வேணும்னா அதே பத்து பவுண்டைக் கொடுத்துட்டு எடுத்துக்கோங்க என்று பதில் வந்தது. அந்தப் பத்து பவுண்டைக் கொடுக்கும் நிலையில் அவர் அப்போது இல்லை.

ஏன் என்றால், 1805-இல் அப்பா இறந்துவிட்டார். அம்மா, அக்கா கசாண்ட்ரா, ஜேன் மூவரும் சகோதரர்கள் தரும் பணத்தில்தான் வாழ வேண்டியிருந்தது. அதற்கு முன்பே, 1802-இல், ஹாரிஸ் பிக்-விதர் என்ற வசதியான வீட்டுப் பையன் கல்யாணத்துக்குக் கேட்டிருந்தார். ஜேன் சரி என்றார். மறுநாள் காலையில் முடியாது என்று சொல்லிவிட்டார். பணக்கஷ்டம் தீர இருந்த வழி அதோடு அடைபட்டது. கடைசி வரை அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

பெயர் இல்லாத எழுத்தாளர்

1809-இல் அண்ணன் எட்வர்ட் சாட்டன் கிராமத்தில் ஒரு வீடு கொடுத்தார். அங்கே போனதும் எழுத்து மறுபடி வேகம் பிடித்தது. 1811-இல் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' வந்தது. நஷ்டம் வந்தால் ஆசிரியர்தான் ஏற்க வேண்டும் என்ற ஒப்பந்தம். அட்டையில் பெயர் கிடையாது, ஒரு பெண்மணி எழுதியது என்று மட்டும் இருந்தது. நஷ்டம் வரவில்லை, 140 பவுண்டு லாபம் வந்தது.

1813 ஜனவரியில் 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்'. முதல் பிரதி வீட்டுக்கு வந்த அன்றைக்கு, பக்கத்தில் வசித்த மிஸ் பென் சாப்பிட வந்திருந்தார். எழுதியது யார் என்று சொல்லாமலேயே ஜேனும் அம்மாவும் அவருக்குப் படித்துக் காட்டினார்கள். அவர் கதாநாயகி எலிசபெத்தை ரசித்ததைப் பார்த்து ஜேனுக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

அந்தக் குறிப்புகள்

1814-இல் 'மேன்ஸ்ஃபீல்ட் பார்க்' வந்தபோது பத்திரிகைகள் கண்டுகொள்ளவே இல்லை. ஆனால் ஆறே மாதத்தில் எல்லாப் பிரதியும் விற்றுத் தீர்ந்தது. விமர்சகர்கள் பேசாத இந்த நாவலைப் பற்றி வீட்டில், அக்கம்பக்கத்தில், சொந்தக்காரர்கள் நடுவில் யார் என்ன சொன்னார்கள் என்று ஜேன் பெயரோடு குறித்து வைத்தார். அடுத்த நாவல் 'எம்மா'வுக்கும் அப்படியே. அந்தத் தாள்கள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன.

அதில் அம்மாவே முதல் எதிர்க்கட்சி! 'மேன்ஸ்ஃபீல்ட் பார்க்'கின் நாயகி ஃபேன்னி சப்பென்று இருப்பதாக அவர் நினைத்தார். அக்காவுக்கோ ஃபேன்னியைப் பிடித்திருந்தது. தம்பி சார்ல்ஸுக்குக் கதையில் சம்பவங்கள் போதவில்லை. அண்ணன் மகளுக்குக் கடைசியில் காதல் போதவில்லை. மிஸஸ் அகஸ்டா பிராம்ஸ்டன் என்ற பெண்மணி, முந்தைய இரண்டு நாவல்களும் சுத்த அபத்தம் என்று ஒப்புக்கொண்டு, இதில் முதல் பாகத்தை முடித்ததால் மோசமான பகுதியைத் தாண்டிவிட்டதாகத் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

'எம்மா'வுக்கு வந்தவை இன்னும் சுவாரசியம். எடின்பரோவின் பெரிய விமர்சகர் ஜெஃப்ரி மூன்று ராத்திரி தூங்காமல் படித்திருக்கிறார். மிஸ்டர் ஃபவுல் என்பவர், புத்தகம் போர் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, முதல் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் மட்டும் படித்தார் (நம்ம செமஸ்டர் ஸ்டைல்!). பக்கத்து வீட்டு மிஸஸ் டிக்வீட், எழுதியவரைத் தெரியாமல் இருந்திருந்தால் படித்து முடித்திருக்கவே மாட்டாராம்.

இதில் இரண்டு கருத்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. கப்பற்படையில் இருந்த அண்ணன் ஃபிரான்சிஸுக்கு 'எம்மா'தான் மற்றவற்றைவிடப் பிடித்தது. காரணம், அதில் இருந்த இயல்பு. மிஸஸ் கைட்டன் என்பவருக்குப் பிடிக்கவில்லை. காரணம், அதே இயல்பு! ரொம்ப நிஜமாக இருப்பதால் சுவாரசியம் இல்லை என்றார். இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒருத்தருக்கு அது ருசித்தது, ஒருத்தருக்கு ருசிக்கவில்லை. இரண்டையும் ஜேன் அப்படியே எழுதி வைத்தார்.

ராஜ குடும்பத்திலிருந்து ஒரு ஐடியா

அப்போது நாட்டை ஆண்ட இளவரசர் ரீஜன்ட் ஜேனின் வாசகர். ஜேனுக்கு அவரைப் பிடிக்காது. ஆனாலும் அவரது நூலகர் கிளார்க் 'அனுமதி' கொடுத்தார், 'எம்மா'வை அவருக்குச் சமர்ப்பிக்க வேண்டியதாயிற்று. 1816 மார்ச் மாதக் கடைசியில் அதே கிளார்க் இன்னொரு யோசனை சொன்னார். இளவரசரின் மகளுக்குக் கோபர்க் வம்சத்து மாப்பிள்ளையோடு கல்யாணம் நடக்கப் போகிறது, அந்த வம்சத்தை வைத்து ஒரு வரலாற்றுக் காதல் நாவல் எழுதினால் நன்றாக இருக்கும் என்று.

அந்த நேரத்தில் நிலைமை எப்படி? அதே மார்ச்சில்தான் அண்ணன் ஹென்றியின் வங்கி திவாலானது. சகோதரர்கள் தந்துவந்த பணத்துக்கே சிக்கல். ஜேனின் உடம்பும் சரியில்லாமல் போக ஆரம்பித்திருந்தது. வரலாற்று நாவலுக்கோ நல்ல மவுசு. 1814-இல் வால்டர் ஸ்காட்டின் 'வேவர்லி' வெளிவந்து சக்கைப்போடு போட்டிருந்தது.

ஜேன் மறுத்துவிட்டார். உயிரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்றாலும் அப்படி ஒரு கதையைச் சிரிக்காமல் உட்கார்ந்து எழுதத் தன்னால் முடியாது, தன் வழியிலேயே போகிறேன் என்று பணிவாகப் பதில் போட்டார். பிறகு, ஆளாளுக்குக் கொடுத்த ஐடியாக்களை எல்லாம் சேர்த்து ஒரு கேலி நாவலுக்குத் திட்டம் போட்டார். அதில் நாயகி நாடு நாடாக ஓடி, கம்சட்கா வரை போகிறாள். எந்த ஐடியா யார் கொடுத்தது என்று ஓரத்தில் பெயரும் எழுதினார்!

இதில் ஒரு வேடிக்கை. அதே மாதம், பெயர் போடாமல் வந்த ஒரு விமர்சனம் 'எம்மா'வைப் புகழ்ந்தது. சாதாரண மனிதர்களின் தினசரி வாழ்க்கையை இப்படி எழுதுவது புது வகை நாவல் என்றது. எழுதியவர் வரலாற்று நாவலின் ராஜாவான அதே ஸ்காட்.

அந்த வருஷம் ஆகஸ்டில் 'பெர்சுவேஷன்' நாவலை முடித்தார். அதுவும் அவர் காலத்துக் கதைதான். பிரிந்துபோன ஒரு கடற்படை கேப்டன் எட்டு வருஷம் கழித்துத் திரும்பி வரும் காதல் கதை. அந்தப் பத்து பவுண்டு நாவலையும் ஹென்றி 1816-இல் திரும்ப வாங்கிக் கொடுத்தார்.

இரண்டுமே அச்சில் வருவதை ஜேன் பார்க்கவில்லை. 1817 ஜூலை 18 அன்று, 41 வயதில், வின்செஸ்டரில் இறந்தார். அங்குள்ள தேவாலயத்தில் அவரது கல்லறையில் குணத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறது, நாவல்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த டிசம்பரில் 'நார்த்தாங்கர் அபே', 'பெர்சுவேஷன்' இரண்டும் சேர்ந்து வந்தபோதுதான், ஹென்றி எழுதிய குறிப்பு மூலம் ஆசிரியரின் பெயர் புத்தகத்தில் வெளிப்பட்டது.

நம்ம ஃபேன்னியைச் சப்பென்று சொன்ன அம்மா, தூக்கத்தைத் தொலைத்த ஜெஃப்ரி, முதல் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் மட்டும் படித்த ஃபவுல்... இவர்களில் யாருக்காகவும் ஜேன் தன் எழுத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் எல்லோருக்கும் அந்தத் தாளில் இடம் கொடுத்தார். அடுத்த முறை ஹாஸ்டல் ரூம்ல காதல் நாவல் படிச்சா தலையணைக்கு அடியில் ஒளிக்காதீங்க. பிடிச்சதோ பிடிக்கலையோ, ஏன் என்று ரெண்டு வரி எழுதி வைங்க. நம்ம இதழுக்கு அனுப்பினா இன்னும் சந்தோஷம்!