சேலத்தில் ஒரு முதலாளி – மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம்

நிர்வாகத்தைப் பற்றி ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று மலர்க்குழுவினர் கேட்டார்கள். ஃபோர்டு, டாட்டா பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் நம்ம ஊர்க்காரர் ஒருத்தரைப் பற்றியே சொல்லிவிடுகிறேன்.

திருச்செங்கோடு ராமலிங்கம் சுந்தரம் 1907-ல் பிறந்தார். ஜவுளித் தொழில் குடும்பம். இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்குப் போய் நெசவுத் தொழில்நுட்பம் படித்தார். திரும்பி வந்தவர் தறியை விட்டுவிட்டு சினிமாவுக்குள் நுழைந்தார். அன்றைக்கு அது பெரிய மனுஷங்க மதிக்காத தொழில்.

வந்ததும் ஸ்டூடியோ கட்டிவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். முதலில் சேலம் ஏஞ்சல் ஃபிலிம்ஸ் வேலாயுதம் பிள்ளையுடன் கூட்டுச் சேர்ந்தார். அப்போது தமிழ்ப் படம் எடுக்க நடிகர்கள் உட்பட மொத்த ஜமாவும் ரயிலேறி கல்கத்தா போகணும். அந்தச் செலவையும் அலைச்சலையும் கூட இருந்து பார்த்த பிறகுதான், 1935-ல் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். வயது 28. தொழிலைத் தெரிந்துகொண்டு முதல் போடுவது முதல் பாடம்.

இரண்டாவது, வேலைக்கு ஒரு முறை வைத்தது. படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவு, லேபரட்டரி, எடிட்டிங் எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள். தொழில்நுட்பக் கலைஞர்கள், எழுத்தாளர்கள், நடிகர்கள் பலருக்கும் மாதச் சம்பளம். மில்லில் ஷிஃப்ட் ஓடுவதுபோல சினிமாவையும் ஓட்டினார். அந்த நிறுவனத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் வந்ததற்கு இதுதான் அடிப்படை என்பேன்.

மூன்றாவது, திறமை எங்கே இருந்தாலும் கூப்பிட்டு வைத்துக்கொண்டது. மலையாளத்தின் முதல் பேசும்படமான பாலன் 1938-ல் இங்கிருந்துதான் போனது. இயக்கியவர் நொட்டானி. கலைஞர் கருணாநிதியும் கண்ணதாசனும் இளவயதில் இங்கே சம்பளத்துக்கு எழுதியவர்கள். 1950-ல் மந்திரிகுமாரியை அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கனிடம் ஒப்படைத்தார். டங்கன் பாதியில் தாய்நாடு திரும்பிவிட, மீதியை சுந்தரமே முடித்தார். ஆள் போனாலும் வேலை நிற்கவில்லை. படத்தில் இயக்கம் என்று இருவர் பெயரும் வந்தது. அடுத்தவர் உழைப்பை மறைக்காத முதலாளிக்குத்தான் ஆள் நிற்கும்.

நான்காவது, புதுசுக்குப் பயப்படாதது. 1952-ல் அமெரிக்கர்களோடு சேர்ந்து தி ஜங்கிள் என்ற ஆங்கிலப் படம். 1956-ல் அலிபாபாவும் 40 திருடர்களும், தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். 1961-ல் மலையாளத்தின் முதல் வண்ணப்படமான கண்டம் பெச்ச கோட்டு. மலையாளத்துக்குப் பேச்சும் வண்ணமும் சேலத்திலிருந்து போனது என்றால் நம்புவீங்களா?

ஐந்தாவது பாடம் கொஞ்சம் கசப்பு. 1963-ல், 56 வயதில் அவர் காலமானார். மகன் ராமசுந்தரம் தொடர்ந்து நடத்தினார். ஜெய்சங்கர் படங்கள் நன்றாகவே ஓடின. ஆனால் தொழிலே மாறிக்கொண்டிருந்தது. நட்சத்திரங்கள் படத்துக்குப் படம் பேரம் பேசினார்கள். எல்லாம் சென்னையில் குவிந்தது. கேமரா வெளியூருக்குக் கிளம்பிவிட்டது. எல்லாவற்றையும் சொந்தக் காம்பவுண்டுக்குள் வைத்ததுதான் ஒரு காலத்தில் பலம். அதுவே பிறகு சுமையானது என்பது என் கணிப்பு. இன்று ஏற்காடு சாலையில் அந்த முகப்பு வளைவுதான் மிச்சம்.

அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நம்மில் பலர் விசைத்தறி, கோழிப்பண்ணை, லாரி பாடி பட்டறை, ரிக் வண்டி என்று சொந்தக் கையால் வளர்த்தவர்கள். நானும் தறி ஓட்டுகிறவன்தான். பையன் பெங்களூரில் இருக்கிறான். காலையில் நான் போய் நின்றால்தான் பட்டறை ஓடும் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோமே, அது உண்மையில் பெருமையா? எனக்குப் பிறகு யார் பார்ப்பது, தொழில் மாறினால் நாம் எதை மாற்றுவது என்ற இரண்டு கேள்வியையும் நல்லா ஓடும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரே வார்த்தை. பெரிய காரியம் செய்யப் பெரிய ஊருக்குத்தான் போகணும் என்பதில்லை. சீமையில் படித்துவிட்டு சேலத்துக்கே திரும்பி வந்து, மெட்ராஸ்காரர்களையும் அமெரிக்கரையும் இங்கே வரவழைத்த ஒருத்தர் நம்ம மண்ணில் இருந்திருக்கிறார். ஏற்காடு போகும்போது அந்த வளைவுப் பக்கம் ஐந்து நிமிடம் வண்டியை நிறுத்துங்கள்.