முடங்காத தூரிகை

ரெனுவார் பிரான்சு நாட்டின் புகழ்பெற்ற ஓவியர். 1841-ல் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்தவர். ஐம்பது வயதை ஒட்டி அவரை முடக்குவாதம் பற்றியது.

நோயை அடக்கும் மருந்து அன்று இல்லை. மூட்டுகள் வீங்கின. விரல்கள் மடங்கிவிட்டன. வெயில் இதமளிக்கும் என்று, 1907-ல் தென் பிரான்சின் கடலோரத்தில் ஒலிவத் தோட்டம் ஒன்றை வாங்கிக் குடியேறினார். பிறகு நடையும் நின்றது. சக்கர நாற்காலியே கதியாயிற்று.

ஆனால் ஓவியம் நிற்கவில்லை! தோல் புண்ணாகாதிருக்கக் கைகளில் துணி சுற்றினார்கள். தூரிகையைப் பிறர் எடுத்து விரலிடுக்கில் வைத்தார்கள். வரைந்தவர் அவரே.

வலி அவர் தூக்கத்தைக் கெடுத்தது. படங்களிலோ பூக்களும் குழந்தைகளும் மலர்ந்த முகங்களும்தான். பிறர் உதவியை அவர் மறுக்கவில்லை; தம் வேலையை விடவும் இல்லை. 1919-ல், 78 வயதில் இறக்கும்வரை வரைந்துகொண்டே இருந்தார்.