எண்ணத்திற்கு வடிவம் தந்தவர்

விக்ரம் சாராபாய் 1919ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் அகமதாபாத்தில், செல்வச் செழிப்புமிக்க ஆலை உரிமையாளர் குடும்பத்தில் பிறந்தார். அண்டக் கதிர்களை ஆராய்ந்து, 1947இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அவ்வாண்டே அகமதாபாத்தில் இயற்பியல் ஆய்வுக்கூடத்தை நிறுவினார்.

விண்வெளி அறிவியல் எளிய மக்களுக்குப் பயன்பட வேண்டும் என்பது அவரது பெருவிருப்பம். ஆனால் எங்கே தொடங்குவது, எவ்வாறு செய்வது என்பன தெளிவாகவில்லை. வறுமை வாட்டும் நாட்டிற்கு ஏவூர்தி எதற்கு என்று பலரும் வினவினர். அவ்வினாவைச் சாராபாய் ஒதுக்கித் தள்ளவில்லை; தம் திட்டங்களுக்கு அதையே உரைகல்லாகக் கொண்டார்.

பெரிய எண்ணத்தை அவர் சிறு வினாக்களாகப் பகுத்தார். ஏவுதளம் எங்கே அமைய வேண்டும் என்பது முதல் வினா. புவியின் காந்த நடுக்கோட்டுக்கு மேலே, வளிமண்டலத்தின் உயர்ந்த அடுக்கில் பாயும் மின்னோட்டத்தை ஆராய வேண்டியிருந்தது. அக்கோட்டை ஒட்டியுள்ள கேரளக் கடற்கரையில், திருவனந்தபுரத்திற்கு அருகிலுள்ள தும்பா என்னும் மீனவர் ஊர் தேர்ந்தெடுக்கப்பட்டது. அங்கிருந்த தேவாலயத்தை வழங்குவது குறித்து, ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேரா இறைமக்களிடமே கருத்துக் கேட்டார், அவர்களும் இசைந்தனர். தேவாலயம் அலுவலகமாயிற்று. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ஆய்வு ஏவூர்தி விண்ணை நோக்கிப் பாய்ந்தது.

தும்பாவுக்கு வரும்போதெல்லாம் சாராபாய் குழுவினர் அனைவரையும் கூட்டிக் கலந்துரையாடுவார். புதிதாகச் சேர்ந்த இளம் பொறியாளரும் தம் கருத்தைத் தயங்காமல் கூறலாம். கட்டளையிடுவதைவிடக் கருத்துப் பரிமாற்றத்தையே அவர் பெரிதும் விரும்பினார். எதிர்பாராத தீர்வுகள் பல அவ்வுரையாடல்களிலேயே பிறந்தன என்பதை அப்துல் கலாம் தம் தன்வரலாற்றில் நினைவுகூர்ந்துள்ளார். செயற்கைக்கோள் ஏவுகலத்தை உருவாக்க முனைந்தபோதும், பல வடிவமைப்புகள் ஒப்பிட்டு ஆராயப்பட்டன. ஏவுகலத்தின் நான்கு நிலைகளும் தனித்தனிப் பொறுப்பாளர்களிடம் பகிர்ந்தளிக்கப்பட்டன.

வானிலிருந்து நிலவளத்தை அறிய வேண்டும் என்பது அக்காலத்தில் எழுந்த மற்றோர் எண்ணம். அதுவும் ஒரு சிறு வினாவாகச் சுருக்கப்பட்டது: கேரளத் தென்னைகளைத் தாக்கும் வேர்வாடல் நோயை வானிலிருந்து கண்டறிய இயலுமா? செயற்கைக்கோளுக்காகக் காத்திராமல், 1970இல் பி. ஆர். பிஷாரடி தலைமையில் ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புப் படங்கள் எடுக்கப்பட்டன. நோயுற்ற மரங்கள் படத்தில் நிறம் வேறுபட்டுத் தெரிந்தன. இந்தியத் தொலையுணர்வுத் துறை இவ்வாறு ஒரு தென்னந்தோப்பின் மேல் தொடங்கியது.

1971 டிசம்பர் 30 அன்று, திருவனந்தபுரத்தை அடுத்த கோவளத்தில், தம் 52ஆம் வயதில் சாராபாய் மறைந்தார். அவர் தொடங்கிய ஏவுகலப் பணி நிற்கவில்லை. 1979இல் முதல் முயற்சி தோற்றபோதும் குழுவினர் தளரவில்லை. குறையைக் கண்டறிந்து களைந்தனர். 1980 ஜூலை 18 அன்று எஸ்.எல்.வி.-3 ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிலைநிறுத்தியது. தும்பாவிலுள்ள விண்வெளி மையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஓர் எண்ணத்தை வினாக்களாகப் பகுத்து, பலரோடு கூடி ஆய்ந்து, சிறிய அளவில் சோதித்துப் பார்ப்பவருக்கு அது கைகூடும் என்பதை அவர் வாழ்க்கை உணர்த்துகிறது.

சிந்தித்துச் செயல்படுக

உங்கள் பள்ளியில் தண்ணீர் வீணாவதைத் தடுக்க வேண்டும். இந்த எண்ணத்தை நான்கு சிறு வினாக்களாகப் பிரித்து, குழுவாகக் கலந்துரையாடி, விடைகளை எழுதுக.