ரயில் எஞ்சின் நிபுணர் ஆலிவர் புல்லீட்

ஸ்ரீ கெம்பாங்கானில் கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்குச் செர்டாங் ரயில் நிலையம் புதிதன்று. இன்று அவ்வழியே மின்சார வண்டிகள் ஓடுகின்றன. அதற்கு முன் டீஸல். அதற்கும் முன் நீராவி. மலாயா ரயில்வேக்கு 1957-இல் பெரிய டீஸல் எஞ்சின்களை அனுப்பியது இங்கிலாந்தின் இங்கிலிஷ் எலெக்டிரிக் கம்பெனி. அதே கம்பெனியுடன் கூடி, அதற்குச் சில ஆண்டுகள் முன்பே இங்கிலாந்தின் சதர்ன் ரயில்வேக்கு டீஸல் எஞ்சின் வகுத்தவர் ஆலிவர் புல்லீட். விந்தை என்னவெனில், அன்னாருடைய மனமெல்லாம் நீராவியிலேயே இருந்தது.

1882-இல் நியூசிலாந்தில் பிறந்த புல்லீட், சிறு வயதிலேயே தந்தையை இழந்து தாயாருடன் வேல்ஸ் நாட்டுக்கு வந்தார். 1901-இல் டான்காஸ்டர் ரயில் பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்தார். அங்கே தலைமை வகித்த ஐவாட்டின் மகளையே 1908-இல் மணம் புரிந்தார். பின்னர் கிரெஸ்லி என்னும் பெரும் நிபுணரிடம் நெடுங்காலம் உதவியாளர். ஐம்பதைக் கடந்த பிறகுதான், 1937-இல், சதர்ன் ரயில்வேயின் பிரதம இயந்திரப் பொறியாளர் பதவி கிட்டியது.

1941 முதல் அவர் செய்த பெரிய எஞ்சின்கள் முப்பதில் பெரும்பாலானவற்றுக்குக் கப்பல் கம்பெனிகளின் பெயர்களே சூட்டப்பட்டன. 1945-இல் வந்த ஒன்றின் பெயர் பிரிட்டிஷ் இந்தியா லைன். நம் மூத்தோர் நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் இறங்கினார்களே, அந்த ரஜூலா கப்பல் இக்கம்பெனியுடையதுதான்!

எஞ்சின்களின் கொதிகலன் முதல் தரமானது. ஆனால் நீராவியைத் திறந்து மூடும் உறுப்புகளைச் சங்கிலியால் ஓட்டி, எண்ணெய்த் தொட்டிக்குள் வைத்து மூடியிருந்தார். எண்ணெய் கசிந்தது, சக்கரம் வழுக்கியது, சில வேளை தீயும் பற்றியது. சரக்கு உயர்ந்ததாயினும் பராமரிப்புச் செலவு இலாபத்தைத் தின்றால் என்னவாகும் என்பது வணிகர்களுக்குத் தெரியாததன்று.

டீஸலின் வசதிகளை நீராவிக்கே தந்துவிட வேண்டும் என்று 1949-இல் லீடர் என்னும் எஞ்சினைச் செய்தார். இரு முனையிலும் ஓட்டுநர் அறை; எல்லாச் சக்கரமும் இழுக்கும். நடுவே கரி போடுபவரின் அறையோ சூளையாயிற்று! ஒரே எஞ்சினில் இத்தனை புதுமைகளையும் ஏற்றியது பிழை என்றே நாம் கருதுகிறோம். ஐந்துக்கு ஆர்டர் இருந்தும் ஒன்றே முடிந்து ஓடியது. அதுவும் 1951-இல் பழைய இரும்பாயிற்று.

அதற்குள் அவர் அயர்லாந்து ரயில்வேக்குப் போய்விட்டார். நல்ல கரிக்கு வெளிநாட்டை நம்பியிருந்த அந்நாட்டில், நீராவியை நீக்கி டீஸலைக் கொண்டுவரும் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. 94 டீஸல் எஞ்சின்கள் வாங்கப்பட்டன. அவற்றுள் பெரியவை அறுபதும் பழுதுக்குப் பேர்போனவை. பிற்காலத்தில் அமெரிக்க இயந்திரம் மாற்றித்தான் அவை சீராயின. இவ்வேலைக்கு நடுவிலும் ஆசை விடவில்லை. அயர்லாந்தின் சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைக்கும் புல்மண் கட்டியை எரித்து ஓடும் நீராவி எஞ்சின் ஒன்றை 1957-இல் செய்து பார்த்தார். அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றார். அதைத் தொடர ஆளில்லை.

அதற்கிடையே, இங்கிலாந்தில் அவருடைய பெரிய எஞ்சின்களைப் பிரித்துச் சங்கிலியையும் எண்ணெய்த் தொட்டியையும் அகற்றிச் சாதாரண முறைக்கு மாற்றத் தொடங்கினார்கள். 1956-இல் முதலாவதாக மாற்றப்பட்டது பிரிட்டிஷ் இந்தியா லைன். தென் இங்கிலாந்தில் நீராவி வண்டிகள் 1967-இல் நின்றன. புல்லீட் 1970-இல் மால்டா தீவில் காலமானார். அந்த எஞ்சினோ பழைய இரும்புக் கிடங்கிலிருந்து மீட்கப்பட்டு, 2017-இல் மீண்டும் நீராவி ஏற்றி ஓடத் தொடங்கியது, மாற்றியமைத்த உருவில்தான்.