பொன்னம்பலம் இராமநாதன்

தூத்துக்குடிக்கு வடக்கே தருவைகுளம் என்னும் கடற்கரையூர் உள்ளது. அதன் கிழக்கே விரிந்து கிடக்கும் மன்னார் வளைகுடாவின் அக்கரையே இலங்கை. முத்துக் குளித்தலும் கப்பல் வாணிகமும் இவ்விரு கரைகளையும் நெடுங்காலம் பிணைத்திருந்தன. அவ்விலங்கையில் தமிழரும் சிங்களரும் ஒருங்கே போற்றிய பெரியார் பொன்னம்பலம் இராமநாதன் ஆவார்.

இவர் 1851-ஆம் ஆண்டில் கொழும்பில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். வழக்கறிஞராய்ப் புகழ் பெற்ற இவரை, 1879-இல் ஆளுநர் சட்டசபைக்குத் தமிழர் உறுப்பினராக நியமித்தார். அந்நாளில் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மக்களுக்கு இல்லை.

1910-ஆம் ஆண்டுச் சீர்திருத்தம், ஆங்கிலம் கற்ற இலங்கையர்க்குத் தேர்தலால் நிரப்பப்படும் ஓர் இடத்தை அளித்தது. நாற்பது இலட்சம் மக்கள் வாழ்ந்த நாட்டில் வாக்குரிமை பெற்றோர் மூவாயிரவருக்கும் குறைவே. அவருள்ளும் சிங்களரே மிகுதி. 1911-இல் இராமநாதனும் மருத்துவ மேதை மார்க்கஸ் பெர்னாண்டோவும் அவ்விடத்திற்குப் போட்டியிட்டனர். நாடே அப்போட்டியை நோக்கியிருந்தது. முடிவில் இராமநாதன் 1,645 வாக்குகளும், பெர்னாண்டோ 981 வாக்குகளும் பெற்றனர்.

சிங்களர் பலர் தம் இனத்தவரை விடுத்துத் தமிழரைத் தேர்ந்தமை வியப்பிற்குரியதே. எனினும், பெர்னாண்டோவின் சாதியை எண்ணியே சிலர் இவரை ஆதரித்தனர் என வரலாற்றாசிரியர் கூறுவர். வாக்குகள் எக்காரணத்தால் வந்தன என்பதை இராமநாதன் ஆராய்ந்துகொண்டிருக்கவில்லை. தாம் அனைவர்க்கும் உரியவர் என்றே கருதினார்.

அவ்வுறுதிக்கு 1915-இல் சோதனை நேர்ந்தது. சிங்களர்க்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலகம் மூண்டது. அரசினர் இராணுவச் சட்டம் விதித்தனர். சிங்களத் தலைவர் பலர் சிறைப்பட்டனர், உயிரிழந்தோரும் பலர். அறுபத்து நான்கு வயதினரான இராமநாதன் சட்டசபையில் அக்கொடுமைகளை அஞ்சாது கண்டித்தார். உலகப் போரால் கடற்பயணம் இடர் மிகுந்திருந்த அக்காலத்தில், இங்கிலாந்து சென்று நீதி கோரினார். அவர் மீண்டபோது சிங்கள மக்கள் அவரது வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாமே அதனை இழுத்துச் சென்றனர்.

மகளிர்க்கும் ஆடவர்க்கும் யாழ்ப்பாணத்தில் கல்விநிலையங்கள் நிறுவிய இராமநாதன் 1930-இல் மறைந்தார். வாக்குப் பெறுவது ஒருநாட் செயல். அவ்வாக்கிற்குத் தகுதியுடையராய் வாழ்வது வாழ்நாட் கடமை. இதனை இவரது வாழ்வு நமக்கு உணர்த்துகின்றது.